பகலில் என் அப்பாவை அழைத்த குரல்

பட்டப்பகலில், வெயில் கொளுத்துகிற நேரத்தில், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நடுங்கியவள் நான். பேய் என்றால் எல்லோருக்கும் ராத்திரிதான் ஞாபகம் வரும். எனக்கு வந்தது மத்தியானம். நம் லைன் கெங்கையம்மன் எனக்குச் செய்ததை, அவள் பிள்ளைகளான உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவளாகிவிடுவேன். அதனால் வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். நம்புகிறவர்கள் நம்புங்கள், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

என் பெயர் மகேஸ்வரி. கோலார் தங்கச் சுரங்கப் பகுதியான கோரமண்டலில், சுரங்கத் தொழிலாளிகளுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் அம்மாவும் நானும் இருக்கிறோம். ஒரே அறை, முன்னால் சமையலுக்கு ஓர் ஒதுக்கு. பின்சுவரில் ஜன்னல் கிடையாது, அதற்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. அப்பா கோவிந்தன் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை செய்தவர். சுரங்கம் மூடியபோது நான் கைக்குழந்தை. பாறைத்தூசி அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அவர் போய்விட்டார்.

அம்மா அரசுப் பள்ளியில் மதிய உணவு சமைக்கிறாள். நான் லேப் டெக்னீஷியன் படித்து பெங்களூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்தே நைட் ஷிஃப்ட். சாயங்காலம் ரயில் ஏறுவேன், மறுநாள் காலை ரயிலில் திரும்புவேன். அப்பா ஷிஃப்ட் பார்த்த மாதிரியே மகளும் ஷிஃப்ட் பார்க்கிறாள் என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அப்பா படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாராம். அந்தத் தூக்கத்தில் ஒரு பங்குகூட எனக்கு எழுதி வைக்காமல் போய்விட்டார்.

பகலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் குக்கர் விசில், எதிரே டிவி, தெருவில் தக்காளி வண்டி. சரி, தூக்கம் வருகிற வரைக்கும் என்று போனைக் கையில் எடுப்பேன். போன் இருக்கிற கைக்குத் தூக்கம் எங்கே வரும்? கொஞ்ச நாளிலேயே மூளை மரத்துப் போயிற்று. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன், ஒன்றும் ஏறாது. ஒருநாள் ரயிலில் கண்ணைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருந்து கோரமண்டலைத் தவறவிட்டேன். மாரிகுப்பத்தோடு தண்டவாளம் முடிகிறதால் பிழைத்தேன், இல்லாவிட்டால் எங்கே போய் இறங்கியிருப்பேனோ.

அப்போதுதான் அம்மாவுக்குப் பழைய வழக்கம் ஒன்று ஞாபகம் வந்தது. "உங்க நைனா நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து படுத்தா, வாசல்ல ஈரச் சாக்கு கட்டிடுவேன். சாக்கப் பாத்தா லைன்ல ஒரு பையன் கத்த மாட்டான்" என்றாள். இந்த வீட்டில் ஷிஃப்ட் ஆள் தூங்குகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். சாக்கு தொங்குகிற வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். பால்காரன்கூட வெளியே வைத்துவிட்டுப் போய்விடுவானாம்.

மறுநாள் வேலைக்குப் போகும் முன் ஒரு கோணிச் சாக்கை நனைத்து வாசல் நிலையில் கட்டிவிட்டுப் போனாள். நான் நம்பவில்லை. ஆனால் லைன் அடங்கிவிட்டது. கிழவிகள் பிள்ளைகளை விரட்டினார்கள். டிவி சத்தம் குறைந்தது. தக்காளி வண்டிக்காரருக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் போலும், எங்கள் வீடு தாண்டுகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அறை இருட்டி, குளிர்ந்து, ஈரக் கோணி வாசனை வந்தது. அந்த வாரம் நான் அப்பாவின் மகளாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது.

நல்ல மத்தியானம். தலைமாட்டில், பின்சுவரில், டொக் டொக் டொக் என்று மூன்று தட்டு. அவசரமே இல்லாமல். கண் விழித்தும் விழிக்காமலும் கிடந்தேன். சுவருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"கோவிந்து, எழுந்திரு. நேரமாச்சி. கேஜ் இறங்கப் போவுது."

கேஜ் என்றால் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டு. அது ஓடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கோவிந்து என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன.

எழுந்து ஓடி, சாக்கை விலக்கி, வாசலுக்கு வந்தேன். லைன் காலியாகக் கிடந்தது. பாதி வீடு பூட்டு. எல்லோரும் பெங்களூர் போயிருந்தார்கள். வெயிலில் ஒரு நிழல்கூட இல்லை. தூரத்தில் சுரங்கக் கழிவு கொட்டிக் குவித்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது.

அம்மா வந்ததும் சொன்னேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். அந்தக் காலத்தில் ஷிஃப்டுக்கு எழுப்புகிற ஆட்கள் அப்படித்தான் சந்து வழியாக வந்து, குச்சியால் பின்சுவரில் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். உள்ளே இருக்கிற பெண்களுக்குக் குச்சிச் சத்தம்தான் தெரியும், ஆளைப் பார்த்ததில்லையாம். சுரங்கம் மூடியதோடு அதுவும் நின்றுபோனது. இப்போது யார் வந்து தட்டுவது?

"நீ பதில் சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்றேன். செத்தவர்களைக் கூப்பிடுகிற குரலுக்கு உயிரோடு இருப்பவர்கள் பதில் சொல்லக்கூடாது, சொன்னால் கூடப் போகவேண்டி வரும் என்று சொல்லி, நெற்றி நிறைய விபூதி பூசினாள். என் கையில் கறுப்புக் கயிறும் கட்டினாள்.

மறுநாளும் தட்டு. அடுத்த நாளும் தட்டு. சில நாள் வராது. வராத நாளில், எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். வந்த நாளைவிட வராத நாள்தான் கொடுமை. ஓடிப்போய் வாசலைப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். பின்னால் சந்துக்குப் போய்ப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

இனி, ஆடி பிறந்த அன்று நடந்தது. அன்று அசதியில் செத்த பிணமாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். மூன்று தட்டு. குரல். அரைத் தூக்கத்தில் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது, "தோ வரேன்."

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. திடீரென்று மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். ஈரமான கை. "போதும், நில்லு. வூட்டுக்குப் போ" என்று ஒரு பெண்பிள்ளைக் குரல், கண்டிப்பாக, காதுக்குப் பக்கத்தில். கண்ணைத் திறந்தேன். கேஜ் இறங்குகிற பள்ளமான பழைய ஷாஃப்டின் முள்கம்பி வேலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கம்பி அறுந்து கிடந்த இடம் அது. இன்னும் நாலடி வைத்திருந்தால் தண்ணீர் நிறைந்த குழி. காலில் செருப்பில்லை. ஒரு கையில் அப்பாவின் பழைய சாப்பாட்டுத் தூக்கு. அதைப் பரணிலிருந்து எப்போது எடுத்தேன் என்பது எனக்கே தெரியவில்லை.

சுற்றிலும் யாரும் இல்லை. முட்செடியும் வெயிலும்தான். மணிக்கட்டைப் பார்த்தேன். கறுப்புக் கயிற்றுக்கு மேலே மஞ்சள் ஈரம்.

அதற்குப் பிறகு தூங்கவே பயந்தேன். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார்கள். ராத்திரி விழித்துப் பகலில் அரைகுறையாகத் தூங்கினால் உடம்பு குழம்பிப்போகும், சிலர் தூக்கத்திலேயே எழுந்து நடப்பார்கள், கவனமும் நிற்காது என்றார்கள். டீ காப்பியைக் குறை, படுக்கிற இடத்துக்குப் போன் கொண்டுபோகாதே, தனியாகப் படுக்காதே, பகல் ஷிஃப்ட் கேள் என்றார்கள். எல்லாம் நியாயமான பேச்சு. லேபில் பகல் ஷிஃப்ட் கேட்டேன். ஆள் கிடைக்கும் வரை பொறு என்றார்கள். கூடப் படுக்க யார் இருக்கிறார்கள்? அம்மா லீவு போட்டால் நூறு பிள்ளைகளின் சாப்பாடு நின்றுபோகும்.

அந்த வாரம்தான் லேபில் அது நடந்தது. ஆபரேஷனுக்கு இருந்த இரண்டு பேரின் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்கள் என் கையில் இருந்தன. ரத்த குரூப் பார்க்க வேண்டும். பெயர் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிட்டேன். எனக்கு மேலே இருக்கிற ஷோபா மேடம் தற்செயலாகப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் திட்டவில்லை. கன்னடத்தில், மெதுவாக, இதை நான் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும். ஒருவருக்கு ஏற்ற வேண்டிய ரத்தம் இன்னொருவருக்குப் போயிருக்கும். என் கையால் ஓர் உயிர் போயிருக்கும். வேலை போவதைப் பற்றிக்கூட எனக்குத் தோன்றவில்லை. ரயிலில் வழி முழுக்க அழுதுகொண்டே வந்தேன்.

கோரமண்டலில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. தோளில் பையோடு நேராக லைன் முனையிலிருக்கும் கெங்கையம்மன் கோயிலுக்குப் போனேன். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. பூசாரியும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே தெரிகிற அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்து, வாய்விட்டுப் பேசினேன். தாயே, எனக்குத் தூக்கம்கூட வேண்டாம். கூப்பிடுகிறது யார் என்று என் கண்ணுக்குக் காட்டிவிடு. செத்தவராக இருந்தாலும் சரி, இருப்பவராக இருந்தாலும் சரி. தெரியாததோடு என்னால் இனி படுக்க முடியாது. காட்டினால் என் சம்பளத்தில் உனக்குக் கூழ் ஊற்றுகிறேன் என்றேன். பூ விழவில்லை, பல்லி சொல்லவில்லை. ஒரு நாய் வந்து என் பையை மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அவ்வளவுதான் பதில் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த ஞாயிறு நம் லைன் கூழ் ஊற்றும் நாள். உங்களுக்குத் தெரியும், கரகம் வீடு வீடாக வரும்போது வாசலில் எதுவும் தொங்கக்கூடாது. அம்மன் தலை குனிந்து வரமாட்டாள் என்பார்கள். அம்மா சாக்கை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டாள். கரகம் வந்தது, வாசற்படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனது. எனக்கு அன்று வேலைக்கு விடுப்பு. கூழ் குடித்துவிட்டு மத்தியானம் படுத்தேன். வெளியே பம்பை முழங்குகிறது, மைக் அலறுகிறது. நான் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம். தட்டு வரவில்லை.

அம்மன் விரட்டிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லாத குறை. மறுநாள் அம்மா சாக்கை நனைத்துக் கட்டிவிட்டுப் போனாள். மத்தியானம், டொக் டொக் டொக்.

"கோவிந்து, எழுந்திரு."

எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. என்னோடு விளையாடுகிறாயா தாயே என்று கத்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன். படியில் நேற்றைய மஞ்சள் தண்ணீர் காய்ந்து திட்டாக இருந்தது. அதற்கு நேர் மேலே சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். நேற்று என்ன இல்லை? சாக்கு இல்லை. தட்டு ஆரம்பித்தது எப்போது? சாக்கு கட்டிய வாரத்துக்குப் பிறகு. தட்டுகிறது எதுவானாலும் அதற்கு இந்தச் சாக்குதான் அடையாளம். லைன் முழுக்க வாயை மூடிக்கொள்ளச் சொல்கிற அதே சாக்கு, ஒரே ஒரு ஆளை மட்டும் வா என்று கூப்பிடுகிறது. நான் கேட்டதை அவள் முந்தின நாளே காட்டிவிட்டாள். எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாக்கை நானே கட்டினேன். உள்ளே படுக்கவில்லை. கைக்குள் விபூதியை வைத்துக்கொண்டு சந்தின் திருப்பத்தில் போய் நின்றேன். ஆடிக் காற்று. மேட்டுத் தூசி சந்துக்குள் சுழன்று வந்தது. நேரம் போகப் போக ஓடிவிடலாமா என்று கால் கேட்டது. அப்போது தூசிக்குள் முதலில் குச்சிச் சத்தம் வந்தது. பிறகு உருவம் வந்தது. தலை, புருவம், சட்டை எல்லாம் ஒரே வெள்ளை. முகம் தெரியவில்லை. எங்கள் சுவருக்கு முன்னால் நின்றது. குச்சியைத் தூக்கி மூன்று முறை தட்டியது. அதே குரலில் என் அப்பாவைக் கூப்பிட்டது.

விபூதி என் கையிலேயே ஈரமாகிவிட்டது. "தாயே" என்று சொல்லிக்கொண்டு கிட்டே போனேன். உருவம் திரும்பியது. லைன் கடைசி வீட்டுக் கலா அக்காவின் மாமனார், முனுசாமி மாமா.

அவர் இந்த லைனுக்கு மகன் வீட்டோடு வந்து சில வருஷங்கள்தான் ஆகிறது. ஞாபகம் தப்பிப்போய், யாரோடும் பேசாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இந்த லைனுக்கு ஷிஃப்ட் எழுப்பியவர் அவர் என்பது பிறகு கலா அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

என்னை உற்றுப் பார்த்தார். "நீ கோவிந்து பொண்ணா? வாசல்ல சாக்கு தொங்குதேம்மா. இன்னாம்மா இவன், தெனம் எழுப்பறேன், எழுந்துக்கவே மாட்டேங்கறான்" என்றார். குரலில் அவ்வளவு கவலை. அப்பாவை எழுப்புவதுதான் லைனிலேயே பெரிய பாடாக இருந்திருக்கும்.

செத்துப்போய்விட்டார் மாமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 

"எழுந்துட்டாரு மாமா. ஷிஃப்டுக்குப் போயிட்டாரு" என்றேன்.

அவர் தோள் இறங்கியது. "போயிட்டானா? அப்போ சரி. நான் போய் படுக்கறேன்" என்றார். அவர் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியில் எனக்கு அழுகை நிற்கவில்லை. அப்பா செத்தபோதுகூட நான் இப்படி அழுததில்லை.

கலா அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மத்தியானம் பிள்ளையை அழைத்துவர அவள் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் மாமா தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறாள். வெளியே போய் வருகிறார் என்பதே அவளுக்குத் தெரியாது. நான் ஷாஃப்ட் வரைக்கும் தூக்கத்தில் நடந்த கதையையும் சொன்னேன். அவரைக் குறை சொல்வதற்காக அல்ல; அவரும் அந்தப் பக்கம் போய்விடக்கூடாதே என்றுதான் சொன்னேன். அது எந்த நாள் என்று கேட்டாள். ஆடி ஒண்ணு என்றேன். அவள் முகம் மாறியது.

"ஆடி ஒண்ணா? அன்னிக்கு மாமாவ கோலார் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிம்போயிட்டோமே மகி. வெடிகாலம் போனவங்க, வெளக்கு வெச்சப்புறம்தான் வந்தோம்" என்றாள்.

 உள்ளே மாமா குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. சாக்கை நாங்கள் மறுபடி கட்டவில்லை. கதவுக்கு உட்புறம் ஒரு கறுப்புத் துணி போட்டிருக்கிறோம். போன் சமையல் ஒதுக்கில் அரிசி டின் மேல் தூங்குகிறது. டாக்டரம்மா சொன்னதைத் தவறாமல் செய்கிறேன். லேபில் புதுப் பெண் ஒருத்தி சேர்ந்ததால் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் ஒட்டும்போது என் கண் இப்போது அங்கேயேதான் இருக்கிறது. நான் ஒட்டியதை ஷோபா மேடம் இப்போதெல்லாம் திருப்பிப் பார்ப்பதில்லை.

ராத்திரி ஷிஃப்ட் வாரத்தில் வீடு வந்ததும் படுப்பதற்கு முன்னால் ஒரு வேலை வைத்திருக்கிறேன். லைன் கடைசி வீட்டுக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கோவிந்து ஷிஃப்டுக்குப் போயாச்சு மாமா என்று சொல்லிவிட்டு வருவேன். சொன்ன பிறகு அவர் படுத்துக்கொள்வார், கலா அக்கா பயமில்லாமல் பிள்ளையை அழைத்துவரப் போவாள். நானும் வந்து படுப்பேன். ஒரே லைனில் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தர், இரண்டு பேரும் தூங்குவோம்.

என்னை மாதிரித் தூக்கம் கெட்டு, புத்தி ஓரிடத்தில் நிற்காமல் தவிக்கிற பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரயிலில் உங்களைத் தினமும் பார்க்கிறேன். வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள். நம் அம்மனிடமும் போங்கள். பூட்டிய கம்பிக்கு வெளியே நின்று கேட்டாலும் அவளுக்குக் கேட்கும். பதில் பூவாக வரவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்குச் சாக்கும் மஞ்சள் தண்ணீருமாக வந்தது.

மற்ற நாள்களில் சுவரைத் தட்டியது முனுசாமி மாமா. ஆடி முதல் நாள் தட்டியது யார் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும், அது எனக்குப் போதும். இந்த ஆடியில் கூழ் என் செலவு. எல்லோரும் வாருங்கள். கரகம் வரும்போது எங்கள் வாசல் திறந்தே இருக்கும்.